ரயில்வே கேட் பழுதானால் போலீஸ் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேட் கம்பம் பாதியில் நின்றுவிட்டது, இல்லை ஒரேயடியாக மூடிக்கொண்டு திறக்க மறுக்கிறது. சாலையில் வண்டிகள் தேங்குகின்றன, யாரோ போலீஸுக்குப் போன் செய்கிறார்கள். அதற்கப்புறம் எழும் சந்தேகங்கள் எல்லா ஊரிலும் ஒன்றுதான். வேன் ஓட்டுபவர்களும் பஸ் டிரைவர்களும் கேட்டவை இதில் உண்டு. கேட் முனையில் பணிக்கு நிறுத்தப்பட்ட காவலர்கள் கேட்டவையும் உண்டு. பதில்கள் இந்தியச் சட்டத்தையும் இந்திய ரயில்வேயின் பொது விதிகளையும் ஒட்டியவை.

ரயில்வே கேட் யாரோட பொறுப்பு? ரோடு போலீஸோடது தானே, அப்ப கேட்டும் போலீஸ் பொறுப்பு தானே?

இல்லை. கேட், கம்பம், அதன் பூட்டு, கேட் கீப்பர் எல்லாமே ரயில்வே பொறுப்பு. அரசியலமைப்பில் ரயில்வே மத்தியப் பட்டியலிலும் காவல்துறை மாநிலப் பட்டியலிலும் இருக்கின்றன. கேட்டுக்கு முன்னால் சாலையில் நிற்கும் வண்டிகளை ஒழுங்குபடுத்துவது போலீஸ் வேலை. தண்டவாளத்தைக் கடக்க வழி விடுவது ரயில்வே வேலை.

கேட் கீப்பரும் தானாக முடிவெடுப்பவர் அல்ல. அவருக்கு மேலே ஸ்டேஷன் மாஸ்டர், அவருக்கு மேலே அந்தப் பாதை முழுவதையும் பார்க்கும் கன்ட்ரோலர். ரயில் எங்கே வருகிறது என்பது இவர்களுக்குத்தான் தெரியும். கேட் முனையில் நிற்கும் காவலருக்கு, அவர் எந்தப் பதவியில் இருந்தாலும், தெரியாது. கீழே வரும் பதில்களில் பாதி இதிலிருந்தே வருகிறது.

ரயில்வே போலீஸ்னு ரெண்டு மூணு பேர் இருக்காங்களே, யாரைக் கூப்பிடணும்?

மூன்று தரப்பு உண்டு. ரயில்வே பாதுகாப்புப் படை மத்திய அரசுடையது. ரயில்வே சொத்தையும் பயணிகளையும் காப்பது அதன் வேலை. இருப்புப்பாதை காவல்துறை மாநிலக் காவல்துறையின் ஒரு பிரிவு. ரயிலிலும் ஸ்டேஷனிலும் நடக்கும் குற்றங்களை விசாரிப்பது அது. மூன்றாவது, உங்கள் ஊர் காவல் நிலையம்.

கேட் பழுது என்றால் முதலில் சொல்ல வேண்டியது கேட் கீப்பரிடம். அவர் அறையில் ஸ்டேஷனுக்கு நேரடித் தொலைபேசி இருக்கிறது. அவர் இல்லையென்றால் 139, ரயில்வே உதவி எண். சாலை நெரிசல், கைகலப்பு, காயம் என்றால் 112. பேசும்போது 'பெரிய கேட்டு பக்கம்' என்று சொன்னால் பயனில்லை. கேட் அறைச் சுவரில் கேட் எண் எழுதியிருக்கும். மின்பாதை என்றால் பக்கத்துக் கம்பத்தில் 123/7 போல இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது கிலோமீட்டர், அடுத்தது அந்தக் கிலோமீட்டருக்குள் கம்பத்தின் வரிசை. இந்த இரண்டையும் சொன்னால் தலைமை அலுவலகத்தில் இருப்பவருக்கும் இடம் உடனே பிடிபடும்.

கேட் பழுதாகி திறக்கவே மாட்டேங்குது. போலீஸ் வந்து திறக்கச் சொன்னா திறக்கணுமா?

திறக்க வேண்டியதில்லை. திறக்கவும் கூடாது. ரயில்வே சட்டம் 1989, பிரிவு 160 இதைத் தெளிவாகச் சொல்கிறது: சாலைப் போக்குவரத்துக்கு மூடப்பட்ட கேட்டை ரயில்வே ஊழியரோ அதற்கென அதிகாரம் பெற்றவரோ தவிர வேறு யார் திறந்தாலும் மூன்று ஆண்டு வரை சிறை. கேட்டையோ சங்கிலியையோ உடைத்தால் ஐந்து ஆண்டு வரை. 'போலீஸ் நீங்கலாக' என்று அதில் ஒரு சொல்லும் இல்லை. கேட் கீப்பரை மிரட்டித் திறக்க வைத்தால் பிரிவு 146 வரும்: ரயில்வே ஊழியரின் கடமையைத் தடுத்ததற்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 1000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

இது வீம்பு என்று பலர் நினைக்கிறார்கள். காரணம் வேறு. சிக்னலோடு இணைக்கப்பட்ட கேட்டில், கேட் பூட்டினால்தான் ரயிலுக்குப் பச்சை விழும். பச்சை விழுந்துவிட்டால் கேட் திறக்காது. ஆக, திறக்காத கேட் பழுதாகவும் இருக்கலாம், ரயில் வந்துகொண்டிருப்பதாகவும் இருக்கலாம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். வித்தியாசம் சொல்லக்கூடியவர் ஸ்டேஷன் மாஸ்டர் மட்டுமே.

சும்மாவே அரை மணி நேரம் பூட்டி வைக்கிறாங்க. அதுக்கு சட்டம் இல்லையா?

இருக்கிறது. பிரிவு 176: தேவையில்லாமல் கேட்டை மூடி வைத்தாலோ, ரயில் பெட்டிகளைச் சாலையின் குறுக்கே நிறுத்தி வைத்தாலோ அந்த ஊழியருக்கு அபராதம். எவ்வளவு தெரியுமா? 100 ரூபாய் வரை. திறப்பவருக்கு மூன்று ஆண்டு, மூடி வைப்பவருக்கு நூறு ரூபாய். சட்டம் எந்தப் பக்கம் தவறினால் பரவாயில்லை என்று நினைக்கிறது என்பது இதிலேயே தெரிகிறது. எனக்கு அதில் குறை தோன்றவில்லை, ஆனால் வெயிலில் நிற்பவருக்குக் கோபம் வருவதும் நியாயம்தான். நேரத்தையும் கேட் எண்ணையும் குறித்துக்கொண்டு புகார் கொடுங்கள். கம்பத்தில் கை வைக்காதீர்கள்.

கம்பம் கீழே இறங்கவே இல்லை, மேலேயே நிக்குது. அப்ப ரயில் வராதுன்னு அர்த்தமா?

இல்லவே இல்லை. இது எந்த வகைக் கேட் என்பதைப் பொறுத்தது.

சிக்னலோடு இணைந்த கேட் என்றால், கம்பம் பூட்டாதவரை கேட் சிக்னல் சிவப்பிலேயே இருக்கும். மஞ்சள் வட்டத்தில் 'ஜி' என்ற ஆங்கில எழுத்து போட்ட சிக்னல் அது. ஆனால் சிவப்பு என்பதால் ரயில் அங்கேயே நாள் முழுக்க நிற்காது. லோகோ பைலட், அதாவது ரயில் ஓட்டுநர், நின்று, ஹாரன் அடித்து, பகலில் ஒரு நிமிடம், இரவில் இரண்டு நிமிடம் காத்திருப்பார். சிக்னல் விழவில்லை என்றால் மெதுவாகக் கேட் வரை வருவார். அங்கே கேட் கீப்பர் கைச்சைகை காட்டினால் கடப்பார். ஆள் இல்லை என்றால் கேட்டுக்கு முன்பே நின்று, சாலை மூடியிருக்கிறதா என்று உறுதி செய்து, இன்ஜினிலிருந்து இறங்கிய ஊழியரின் சைகை பெற்ற பிறகே நகர்வார். அதாவது கம்பம் மேலே நிற்கும்போதும் ரயில் ஊர்ந்து வரலாம். இடையில் கேட் கீப்பர் சங்கிலி போட்டோ, உருட்டி நகர்த்தும் அவசரத் தடுப்பை இழுத்தோ சாலையை மூடுவார்.

சிக்னலோடு இணைக்காத கேட் இதைவிட ஆபத்தானது. அங்கே கேட்டை மூடிவிட்டதாகக் கேட் கீப்பர் தொலைபேசியில் ஸ்டேஷன் மாஸ்டருக்கு ஒரு ரகசிய எண்ணைச் சொல்லி உறுதி தர வேண்டும். அந்த வாய்ச்சொல்லை நம்பித்தான் ரயில் வருகிறது. 2025 ஜூலை 8 அன்று கடலூர் அருகே செம்மங்குப்பத்தில் பள்ளி வேன் மீது பயணிகள் ரயில் மோதி மூன்று மாணவர்கள் இறந்தது இந்த வகைக் கேட்டில்தான். அதன் பிறகு எல்லாக் கேட்டிலும் கேமரா வைக்கவும், குரல் பதிவுகளைத் தினமும் சோதிக்கவும் ரயில்வே அமைச்சர் உத்தரவிட்டார். கேட்டைச் சிக்னலோடு இணைப்பதற்கான போக்குவரத்து அளவுகோலும் (ரயில்களின் எண்ணிக்கையையும் சாலை வண்டிகளையும் பெருக்கிக் கணக்கிடும் அலகு) 20,000 அலகிலிருந்து 10,000 ஆகக் குறைக்கப்பட்டது.

அப்ப போலீஸ்காரர் கையைக் காட்டி 'போ போ'ன்னா போகலாமா சார்?

இதுதான் அதிகம் கேட்கப்படும் கேள்வி. நேரடியாகவே சொல்கிறேன்: போலீஸ் 'நில்' என்றால் நில்லுங்கள், 'போ' என்றால் கேட் கீப்பரைப் பாருங்கள்.

'நில்' என்ற சொல்லுக்குச் சட்ட பலம் நிறைய இருக்கிறது. ரயில்வே எல்லைக்குள் வண்டி ஓட்டுபவர் ரயில்வே ஊழியரோ காவல் அதிகாரியோ சொல்லும் நியாயமான உத்தரவை மீறினால் பிரிவு 159 படி ஒரு மாதம் வரை சிறை, அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். குற்றத்தைத் தடுக்கும் கடமையில் காவலர் தரும் சட்டப்படியான உத்தரவுக்குக் கட்டுப்பட வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 172 சொல்கிறது.

'போ' அப்படியல்ல. முதல் பதிலில் சொன்ன காரணம்: அடுத்த ரயில் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. இரட்டைப் பாதையில் ஒரு ரயில் போனதும் 'சரி, முடிஞ்சது' என்று கை அசைப்பதை நிறைய இடங்களில் பார்க்கலாம். எதிர்த்திசை ரயில் அந்த ரயிலின் மறைவிலிருந்து வரும். கேட் கீப்பர் ஸ்டேஷன் மாஸ்டரிடம் பேசி, வழி விடலாம் என்று சொன்ன பிறகு காவலர் கை காட்டினால் அது சரியான 'போ'. காவலர்களுக்கும் இதையே சொல்வேன்: விசில் ஊதி வண்டியை விடுவதற்கு முன் கேட் அறைப் படியேறி ஒரு வார்த்தை கேளுங்கள். இருபது அடி நடை.

போலீஸால ரயிலை நிறுத்த முடியுமா?

உத்தரவு போட்டு நிறுத்த முடியாது. லோகோ பைலட் கட்டுப்படுவது சிக்னலுக்கும், ஸ்டேஷன் மாஸ்டர் தரும் எழுத்து உத்தரவுக்கும். மாவட்டக் கண்காணிப்பாளரே சொன்னாலும் அந்தச் சொல் கன்ட்ரோலர் வழியாகத்தான் ரயிலுக்குப் போய்ச் சேர வேண்டும்.

ஆனால் ஆபத்து என்று எச்சரித்து நிறுத்தலாம். அதற்குப் போலீஸாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. பகலில் சிவப்புக் கொடி. கொடி இல்லாவிட்டால் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்திக் காட்டுவது 'நில்' சைகை. இரவில் சிவப்பு விளக்கு. அதுவும் இல்லையென்றால் வெள்ளை விளக்கை உடம்புக்குக் குறுக்காக வேகமாக ஆட்ட வேண்டும். செல்போன் டார்ச் கையில் இருக்கும் காலத்தில் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. விளையாட்டுக்குச் செய்தால் கதை வேறு. ரயில் ஓட்டத்தைத் தடுத்த குற்றமாகும்.

எங்கிருந்து காட்டுகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 100 கி.மீ. வேகத்தில் ஓடும் ரயில் ஒரு நொடிக்கு 28 மீட்டர் கடக்கும். அவசர பிரேக் போட்டாலும் நிற்கப் பல நூறு மீட்டர் ஆகும், வேகமும் எடையும் கூடினால் ஒரு கிலோமீட்டரும் தாண்டும். அதனால்தான் ரயில்வே விதி, அகலப்பாதையில் தடை இருந்தால் 600 மீட்டரில் ஒரு டெட்டனேட்டரும் 1,200 மீட்டரில் பத்துப் பத்து மீட்டர் இடைவெளியில் மூன்றும் தண்டவாளத்தில் வைக்கச் சொல்கிறது. ரயில் சக்கரம் ஏறினால் வெடிச் சத்தம் கேட்கும், லோகோ பைலட் நிறுத்துவார். கேட் முனையிலேயே நின்று கையை ஆட்டினால் அவர் உங்களைப் பார்ப்பார், ஆனால் நிறுத்த நேரம் இருக்காது.

லாரி தண்டவாளத்துக்கு நடுவுல நின்னுடுச்சு. போலீஸ் முதல்ல என்ன செய்யணும்?

ஆட்களை இறக்க வேண்டும். வண்டியைத் தள்ளுவதெல்லாம் அப்புறம். அதே நேரத்தில் கேட் கீப்பர் ஸ்டேஷனுக்குச் சொல்லிவிட்டாரா என்று உறுதி செய்ய வேண்டும், ஏனென்றால் தொலைபேசி எந்த மனிதனையும்விட வேகமாக ஓடும். பிறகு கேட் கீப்பர் கொடியும் டெட்டனேட்டரும் எடுத்துக்கொண்டு ரயில் முதலில் வரக்கூடிய திசையில் ஓடுவார். 1,200 மீட்டரை ஜல்லிக்கல் மேல் ஓட ஐந்தாறு நிமிடமாவது ஆகும். இரட்டைப் பாதை என்றால் எதிர்த்திசைக்கும் ஓர் ஆள் வேண்டும். அந்த இரண்டாவது ஆளாக ஒரு காவலர், கேட் கீப்பர் தரும் கொடியோடு, ஓடலாம். நெரிசலை ஒழுங்குபடுத்த இன்னொருவர் போதும்.

மின்மயப் பாதை என்றால் மேலே போகும் கம்பியில் 25,000 வோல்ட் இருக்கிறது. தொட வேண்டியதில்லை, இரண்டு மீட்டருக்குள் நெருங்கினாலே ஆபத்து. லாரிச் சரக்கின் மேல் ஏறி இறக்குவது, கிரேனை நிமிர்த்துவது எல்லாம் ரயில்வே மின்சாரத்தை நிறுத்திவிட்டதாகச் சொன்ன பிறகே.

கேட் அறையில ஆளே இல்லை, இல்லைனா தூங்கறாரு. கேட் திறந்து கிடக்கு. போலீஸ் என்ன பண்ணலாம்?

இங்கேதான் போலீஸ் அதிகாரம் முழுதாக வேலை செய்கிறது. இரண்டு பக்கமும் சாலையை மறியுங்கள். ரோந்து வண்டியையே குறுக்கே நிறுத்துங்கள், தண்டவாளத்திலிருந்து தள்ளி. சாலையை மூட யார் அனுமதியும் தேவையில்லை. பிறகு 139, பக்கத்து ஸ்டேஷன். அறையில் உள்ள தொலைபேசியை எடுத்தால் மறுமுனையில் ஸ்டேஷன் மாஸ்டர்தான் பேசுவார். எடுத்து, நீங்கள் யார் என்று சொல்லி, 'கேட் திறந்திருக்கிறது, ஊழியர் இல்லை' என்று தெரிவிக்கலாம். ஆனால் 'கேட்டை மூடிவிட்டேன், ரயிலை விடுங்கள்' என்று உறுதி தரக் கூடாது. அந்த உறுதியைத் தரும் அதிகாரம் கேட் கீப்பருடையது.

போலீஸும் இல்லாத நிலையில் நீங்கள் மட்டும் ஒரு வண்டியோடு நிற்கிறீர்கள் என்றால், மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 131 ஆள் இல்லாக் கேட்டுக்குச் சொல்வதைப் பின்பற்றுங்கள்: வண்டியை நிறுத்தி, கிளீனரோ கண்டக்டரோ இறங்கி நடந்து போய் இரண்டு பக்கமும் பார்த்து, வண்டியை வழிநடத்த வேண்டும், தனியாக இருந்தால் ஓட்டுநரே இறங்க வேண்டும். அகலப்பாதையில் ஆள் இல்லாக் கேட்டுகள் 2019 ஜனவரி இறுதிக்குள் ஒழிக்கப்பட்டுவிட்டன என்பது உண்மை. அதற்காக ஆள் இருக்க வேண்டிய கேட்டில் எப்போதும் ஆள் இருப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டு ஓட்ட முடியாது.

ஆம்புலன்ஸுக்கு மட்டுமாவது திறக்கச் சொல்லலாம் இல்லையா?

கேட்கலாம். கேட் கீப்பர் ஸ்டேஷன் மாஸ்டரிடம் பேசுவார். ரயில் இன்னும் முந்தைய ஸ்டேஷனை விட்டுக் கிளம்பவில்லை என்றால் அங்கேயே நிறுத்தி வைத்துக் கேட்டைத் திறக்க வழி உண்டு. கிளம்பிவிட்டது என்றால் ஆம்புலன்ஸும் காத்திருக்க வேண்டியதுதான். இந்த இடத்தில் போலீஸ் செய்யக்கூடிய நல்ல உதவி, எதிர் வரிசையில் முண்டியடித்து நிற்கும் வண்டிகளை விலக்கி ஆம்புலன்ஸை முன்னால் கொண்டுவந்து நிறுத்துவதும், மேம்பாலமோ சுரங்கப்பாதையோ பக்கத்தில் இருந்தால் அங்கே திருப்பிவிடுவதும். கேட் திறந்த பிறகும் இரண்டு வரிசையும் முட்டிக்கொண்டு நிற்பதால்தான் பல இடங்களில் நேரம் போகிறது.

அமைச்சர் கான்வாய் வந்தா?

ஆம்புலன்ஸுக்குச் சொன்னதே. அதைவிடக் குறைவாக.

ஜனங்க கோபத்துல தண்டவாளத்துல உட்கார்ந்துட்டாங்க. அப்ப யார் அதிகாரம்?

தண்டவாளத்தில் உட்கார்ந்து ரயிலை மறித்தால் ரயில்வே சட்டத்தின் பிரிவு 174: இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அத்துமீறி நுழைந்ததற்குப் பிரிவு 147. இவற்றில் கைது செய்யவும் விசாரிக்கவும் மத்திய அரசு அதிகாரம் கொடுத்திருப்பது ரயில்வே பாதுகாப்புப் படை அதிகாரிகளுக்கு. கூட்டத்தைக் கலைப்பது, சட்டம் ஒழுங்கு, ஊர் காவல் நிலையத்தின் வேலை. நடைமுறையில் முதலில் வருவது ஊர் போலீஸ்தான். படை வருவதற்குள் பேச்சுவார்த்தை பாதி முடிந்திருக்கும். முதலில் செய்ய வேண்டியது மேலே சொன்னதே: மக்கள் பாதையில் இருக்கிறார்கள் என்று ஸ்டேஷனுக்குச் சொல்வது.

கேட் கீப்பர் குடிச்சிருக்காரு. போலீஸ் உடனே அழைச்சிட்டுப் போகலாமா?

குடித்துவிட்டுப் பணியில் இருப்பது ரயில்வே சட்டத்தின் பிரிவு 172 படி குற்றம். அதனால் உயிர்களுக்கு ஆபத்து வரக்கூடும் என்றால் ஓர் ஆண்டு வரை சிறை. ஆனால் ஆளை ஜீப்பில் ஏற்றுவதற்கு முன் ஒன்றைச் செய்ய வேண்டும்: ஸ்டேஷன் மாஸ்டருக்குச் சொல்லி, மாற்று ஆள் வரும் வரை கேட் சாலைக்கு மூடியிருக்கும்படி பார்த்துக்கொள்வது. ஆளைப் பிடித்துக் கேட்டை அநாதையாக விட்டால், தூங்கும் கேட் கீப்பரைவிட மோசமான நிலை அது.

போலீஸ் போகச் சொல்லித்தான் போனேன், ரயில் இடிச்சிடுச்சு. வழக்கு யார் மேல?

ஒருவர் மேல் மட்டும் என்று சொல்ல முடியாது. மரணம் நேர்ந்தால் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 106 படி அலட்சியத்தால் மரணம் என்று வழக்கு. ஐந்து ஆண்டு வரை சிறை. கேட்டைத் திறந்து வைத்த ஊழியர், கை காட்டிய காவலர், பார்க்காமல் ஓட்டியவர் என மூவரின் அலட்சியமும் தனித்தனியே எடைபோடப்படும். ஆள் நியமித்த கேட் திறந்திருப்பது கடக்கலாம் என்ற அழைப்புக்குச் சமம் என்று நீதிமன்றங்கள் பார்த்து வந்திருக்கின்றன. அது ஓட்டுநருக்குச் சாதகம். மூடிய கேட்டுக்குக் கீழே பைக்கைச் சாய்த்து நுழைந்தவருக்கு, பின்னால் எந்தக் காவலர் நின்றிருந்தாலும், அந்தச் சாதகம் கிடைக்காது.

இழப்பீடு தனிக் கணக்கு. வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் ரயில்வேயையும் எதிர்த்தரப்பாகச் சேர்க்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1997இல் தீர்ப்பளித்திருக்கிறது.

விபத்து நடந்துட்டா, போலீஸ் வர்ற வரைக்கும் ரயில் நிக்கணுமா?

மோதிய ரயில் நிற்கும், காயம்பட்டவர்களுக்கு உதவி கிடைக்கும், ஸ்டேஷனுக்கும் போலீஸுக்கும் தகவல் போகும். ஆனால் இறந்தவர் உடலைப் பாதையிலிருந்து ஓரமாக எடுத்து வைத்து, பக்கத்தில் ஓர் ஊழியரைக் காவலுக்கு நிறுத்திவிட்டு ரயில் கிளம்பலாம். சாட்சிகள் முன்னிலையில் போலீஸ் பஞ்சநாமா எழுதும் வரை நூற்றுக்கணக்கான பயணிகளோடு ரயிலை நிறுத்தி வைக்க வேண்டியதில்லை. லோகோ பைலட்டின் வாக்குமூலம் வேண்டுமென்றால் பிறகு அவரது தலைமையிடம் வழியாகப் பெறலாம்.

ரயில் பயணிகளில் யாராவது இறந்தோ படுகாயம் அடைந்தோ இருந்தால் ரயில்வே பாதுகாப்பு ஆணையர் விசாரிப்பார். அவர் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் இல்லை, விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் வருபவர். அப்படிப்பட்ட விபத்தில் கேட் கம்பம், பூட்டு, தொலைபேசிக் குரல் பதிவு, கேட் மூடியதற்குச் சொல்லும் ரகசிய எண்ணை (பிரைவேட் நம்பர்) எழுதிய ஏடு எல்லாம் அவருக்கும் வேண்டும், போலீஸுக்கும் வேண்டும். முதலில் வந்து சேரும் காவலர் அந்த ஏட்டைப் படம் எடுத்து வைத்துவிட்டு, இருந்த இடத்திலேயே விட்டுவிடுவது நல்லது.